ஏறி இறங்கும் பி.பி.: மலையில் இருக்கும் கர்ப்பிணி எந்த எண்ணை நம்புவது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லைன் வீடு. அங்கே 31 வாரக் கர்ப்பிணி ஒருத்தியின் பி.பி. சீட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கள் காலை வீட்டில் 128/82. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் 146/94. கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தால் 134/86. புதன் இரவு பக்கத்து வீட்டு மெஷினில் 150/96. வியாழன் காலை மறுபடியும் 126/80.

இந்தச் சீட்டை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். "காலையில நார்மலாத்தானே இருக்கு" என்பார் மாமியார். "நர்ஸைப் பார்த்தாலே இவளுக்கு ஏறிடும்" என்பார் கணவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அனுபவமுள்ள ஒரு மருத்துவரின் கண் 146-லும் 150-லும்தான் போய் நிற்கும். நடுவில் வந்த நார்மல் எண்கள் அவற்றை அடித்துவிடாது. ஏன் என்று புரிய, கொஞ்சம் அடியிலிருந்து வரவேண்டும்.

எண்களும் வாரக் கணக்கும்

பி.பி.யின் மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண் இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். கர்ப்பத்தில் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம். இரண்டும் சேர்ந்து ஏறவேண்டும் என்றில்லை. குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அப்படி வந்தால் உறுதி செய்கிறார்கள். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 வந்துவிட்டால் இந்த 4 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. 15 நிமிடத்தில் திரும்பப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டிய அவசரம் அது.

அடுத்து, எப்போது ஏறியது என்ற கேள்வி. அதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது.

1. கர்ப்பத்துக்கு முன்பே, அல்லது 20 வாரத்துக்குள் ஏறியிருந்தால் அது பழைய ரத்த அழுத்தம்.
2. 20 வாரத்துக்கு அப்புறம் ஏறி, வேறு எந்தக் கோளாறும் இல்லையென்றால் கர்ப்பகால ரத்த அழுத்தம்.
3. 20 வாரத்துக்கு அப்புறம் ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், மூளை, நுரையீரல் இவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டாலோ, அது ப்ரீ-எக்ளாம்ப்சியா. பழைய பி.பி. உள்ளவர்களுக்கும் இது மேலே வந்து உட்காரலாம்.
4. அதன் மேல் வலிப்பும் வந்தால் எக்ளாம்ப்சியா. நம் பாட்டிமார்கள் 'ஜன்னி கண்டுடுச்சு' என்று சொன்னவற்றில் பல இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எக்ளாம்ப்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பளீரென்ற மின்னல் வெட்டு என்று பொருள். வலிப்பு திடீரென வருவதால் வைத்த பெயர். ஆனால் பெரும்பாலும் அதற்கு முன் அறிகுறிகள் வந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

உலக அளவில் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை ப்ரீ-எக்ளாம்ப்சியா வருகிறது. இரண்டாவது வகையைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. 32 வாரத்துக்கு முன் தொடங்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் பாதி வரை பின்னால் ப்ரீ-எக்ளாம்ப்சியாவாக மாறக்கூடும். நம் எடுத்துக்காட்டுப் பெண் 31 வாரத்தில் இருக்கிறாள்.

கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில்

மலையில் ஊற்றிலிருந்து வீட்டுக்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்ன ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் உள்ளே இறங்கி, அவற்றின் தசைச் சுவரைத் தளர்த்தி, அகலமான வாய்க்கால்களாக மாற்றிவிடும். ரத்தம் நிதானமாக, நிறைய வரும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய் ஒடுங்கியே இருக்கிறது. ஒடுங்கிய ஹோஸில் தண்ணீர் குறைவாகவும் பீய்ச்சிக்கொண்டும் வருவதுபோல் ரத்தம் வருகிறது. நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறது.

திணறும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ரத்தக் குழாய்களின் உள்பூச்சு நலமாக இருக்கத் தேவையான பொருளை அவை பிடித்து முடக்குகின்றன. உடம்பு முழுக்க உள்ள குழாய்கள் இறுகிக் கசியத் தொடங்கும். சிறுநீரகத்தில் கசிந்தால் சிறுநீரில் புரதம். கல்லீரலைத் தொட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. மூளைக்குப் போனால் தலைவலி, கண் மங்கல், வலிப்பு. நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சிரைப்பு. குழந்தைக்கு வரும் ரத்தம் குறைவதால் அதன் எடை ஏறாது, பனிக்குட நீர் குறையும்.

ஆக, பி.பி. இந்த நோயின் ஒரு முகம்தான். மாத்திரை போட்டு எண் இறங்கிவிட்டதால் நோய் போய்விட்டதாகாது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் அது தணியத் தொடங்கும்.

'யூரின்ல உப்பு' என்ற குழப்பம்

நம் ஊரில் சிறுநீர்ப் பரிசோதனையை 'உப்பு, சர்க்கரை பார்க்கிறது' என்பார்கள். இங்கே உப்பு என்று சொல்லப்படுவது அல்புமின் என்ற புரதம். சமையல் உப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதால், 'உப்பு இருக்கு' என்று கேட்டவுடன் வீட்டில் குழம்பிலிருந்து உப்பை எடுத்துவிடுகிறார்கள். கர்ப்பிணி நாலு வாரம் சப்பென்று சாப்பிட்டுவிட்டு, உப்பைத்தான் நிறுத்திவிட்டோமே என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறாள். இந்த ஒரு சொல்லால் நேரும் தாமதம் கொஞ்சநஞ்சமில்லை என்பது என் எண்ணம். நர்ஸம்மாக்கள் 'புரதம் இறங்குது' என்றே சொல்லிப் பழக்கினால் நல்லது.

உப்பைக் குறைத்து ப்ரீ-எக்ளாம்ப்சியாவைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அளவோடு போதும் என்பது எல்லோருக்கும் பொதுவான அறிவுரை, அவ்வளவே. முழு நேரப் படுக்கை ஓய்வும் இப்படித்தான். அதனால் நோய் தடைபடுவதாகத் தெரியவில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்து மட்டும் கூடுகிறது.

பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனை ஒரு முதல் சல்லடை. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் புரதம் இருந்தால் அது கணக்கில் வரும். புரதமே இல்லாமலும் ப்ரீ-எக்ளாம்ப்சியா வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1-க்கு மேல் ஏறுவது, கல்லீரல் நொதிகள் இரு மடங்காவது ஆகியவை அதில் பார்க்கப்படும் விஷயங்கள்.

ஏன் ஏறி இறங்குகிறது?

1. கர்ப்பத்துக்கே ஒரு வளைவு உண்டு. நடுமாதங்களில் பி.பி. இயல்பாகவே இறங்கி, கடைசி மூன்று மாதங்களில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஏற்கெனவே பி.பி. இருந்தவர் முதல்முறையாக 18 வாரத்தில் வந்து அளந்தால் 'நார்மல்' என்று காட்டி ஏமாற்றும்.
2. பகல் இரவு வேறுபாடு. பொதுவாகத் தூக்கத்தில் பி.பி. இறங்கும். ப்ரீ-எக்ளாம்ப்சியாவில் அந்த இறக்கம் குறைகிறது, சிலருக்குத் தலைகீழாகி இரவில் ஏறுகிறது. காலை எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.
3. மருந்தின் ஆயுள். லாபெடலால், மெத்தில்டோப்பா போன்றவை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போடவேண்டியவை. மதிய மாத்திரையைத் தோட்டத்தில் மறந்துவிட்டால் சாயங்காலம் ஏறும்.
4. அந்தந்த நேரத்துக் காரணங்கள்: மேடேறி வந்த இரைப்பு, குளிர், அடக்கிய சிறுநீர், பேச்சு, பயம்.
5. நோயே அப்படித்தான். இறுகிப்போன குழாய்கள் சின்னத் தூண்டலுக்கும் எகிறும், பிறகு இறங்கும். அந்த எகிறலே ஒரு தகவல்.

ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுவது என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்ய வீட்டில் காலையும் மாலையும் அளந்த சில நாள் கணக்கு வேண்டும். ஒருமுறை வீட்டில் குறைவாக வந்ததை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கும் பின்னால் ப்ரீ-எக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான்.

ஸ்வெட்டரும் பி.பி. மெஷினும்

மலையில் தப்பான அளவுக்கு முதல் காரணம் ஸ்வெட்டர். அதன்மேலேயே மெஷினின் பட்டையைச் சுற்றுவது ஒரு தப்பு. ஸ்வெட்டரின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டு அளப்பது அடுத்த தப்பு, சுருட்டிய துணியே கயிறு மாதிரி கையைக் கட்டிவிடும். ஸ்வெட்டரின் கையைக் கழற்றிவிடுவதுதான் வழி. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பதிய, கை மேஜைமேல் இதயத்தின் மட்டத்தில் இருக்கவேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருக்கக் கூடாது. நீலகிரியில் இதுதான் கஷ்டமான நிபந்தனை.

பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடக் காட்டும். கைச் சுற்றளவு 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் வலது கையில் அளந்தால் குறைத்துக் காட்டும். 'படுக்கவெச்சுப் பார்த்தா நார்மல்' என்பதன் ரகசியம் பல நேரம் இதுதான். டிஜிட்டல் மெஷின்களில் சில ப்ரீ-எக்ளாம்ப்சியாவில் குறைத்துக் காட்டக்கூடும். கர்ப்பிணிகளிடம் சோதித்து ஒப்புதல் பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

உயரத்தில் மெஷின் தப்பாகக் காட்டும் என்று சிலர் சொல்வார்கள். பி.பி. என்பது சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் அது ஒரே கணக்குதான்.

மலையே காரணமா?

மிக உயரத்தில் வாழும் கர்ப்பிணிகளுக்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா அதிகம் என்று அமெரிக்காவின் கொலராடோவிலும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவில் குறையும் என்ற கணக்கும் உண்டு. ஆனால் அந்த ப்ரீ-எக்ளாம்ப்சியா ஆய்வுகள் நடந்தது பெரும்பாலும் 3,000 மீட்டரைத் தாண்டிய ஊர்களில். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850 சொச்சம், கூடலூர் அதைவிடவும் தாழ்வு. அதனால் 'மலையில இருந்தா அப்படித்தான்' என்று பழியை மலைமேல் போட இடமில்லை. குளிர்காலத்தில் பி.பி. சில புள்ளிகள் கூடுவது உண்மை. அது 126-ஐ 150 ஆக்காது.

மலையால் வரும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு சாக்கு கையோடு கிடைக்கும்.

1. விடாத தலைவலி. டிசம்பர், ஜனவரியில் என்றால் 'பனி பட்டுடுச்சு'. மாத்திரைக்கும் அடங்காத தலைவலியைப் பனியின் கணக்கில் எழுதக்கூடாது.
2. கண்முன் பூச்சி பறப்பது, மங்கலாகத் தெரிவது. 'மூடுபனி' என்று சிரித்துவிடுகிறார்கள்.
3. மேல்வயிற்றில், வலது விலாவுக்கடியில் வலி, வாந்தி. 'கேஸ்' என்று சோடா குடிக்கிறார்கள். கல்லீரல் வீங்கும் வலியாக இருக்கலாம். தட்டணு குறைந்து, ரத்தச் சிவப்பணு உடைந்து, கல்லீரல் கெடும் ஹெல்ப் சிண்ட்ரோம் என்ற கடுமையான நிலை இப்படித்தான் தலைகாட்டும்.
4. மூச்சிரைப்பு. 'ஏத்தம் ஏறினா இரைக்கத்தானே செய்யும்.' ஏறும்போது இரைக்கட்டும். படுத்திருக்கும்போது இரைத்தால் உடனே ஆஸ்பத்திரி.
5. வீக்கம். நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பவருக்குக் கால் வீங்கத்தான் செய்யும், அது பல நேரம் சாதாரணமே. காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தால், மோதிரம் கழலாவிட்டால், ஒரே வாரத்தில் எடை மளமளவென்று ஏறினால் அது வேறு.
6. குழந்தையின் அசைவு குறைவது, ரத்தப்போக்கு, வயிறு கல் மாதிரி இறுகுவது. இவற்றுக்குச் சாக்குச் சொல்பவர்கள் குறைவு, நல்லவேளை.

இவற்றில் ஒன்று இருந்து, அன்றைய பி.பி. 138/88 என்றே காட்டினாலும் போகத்தான் வேண்டும்.

மாத்திரை, ஊசி, பிரசவத் தேதி

கர்ப்பத்தில் பொதுவாகத் தருவது லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா. பழைய பி.பி.க்கு டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போட்டுக்கொண்டிருந்தால், கர்ப்பம் தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றவேண்டும். அவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாமாக நிறுத்தி வெறுமனே இருப்பதும் ஆபத்து.

வலிப்பைத் தடுப்பது மெக்னீசியம் சல்பேட் ஊசி. ஆஸ்பத்திரிக்காரர்கள் 'மேக் சல்ஃப்' என்பார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் வலிப்பு வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. போடும்போது உடம்பெல்லாம் தீயாகச் சுடும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் குறையும். அளவு மீறாமல் இருக்க முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சையும் சிறுநீரையும் கணக்கெடுப்பார்கள்.

எப்போது பிரசவம் பார்ப்பது? கடுமை இல்லாத ப்ரீ-எக்ளாம்ப்சியா என்றால் 37 வாரம். கடுமையானால் 34 வாரம், தாயோ குழந்தையோ தாங்காது என்றால் அதற்கும் முன்பே. 34 வாரத்துக்குள் பிறக்கும்போலிருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 'குறைமாசத்துல எதுக்கு எடுக்கணும்' என்ற சண்டை வீட்டில் வரும். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது குழந்தைக்குப் பத்திரம் என்ற கட்டம் வந்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார்.

இறங்க வேண்டிய நேரம்

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். குன்னூரைத் தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. 2009 நவம்பரில் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதம் என்றால் சீசன் வண்டிகள். 2025-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு எல்லாவற்றுக்கும் கீழே இறங்கும் கட்டாயம் குறைய வழி பிறந்திருக்கிறது. ஆனால் பந்தலூரின் உள்கிராமத்திலிருந்து ஊட்டியே ஒரு பயணம்தான்.

அதனால் சமவெளியில் 'நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்' என்று விடக்கூடிய எண்ணை இங்கே அப்படி விடக்கூடாது.

1. இரண்டு முறை 140/90 தொட்டால், 108-ஐ எங்கே வரச்சொல்வது, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவது என்பதை அன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள்.
2. ஆஸ்பத்திரி தூரமென்றால் தேதிக்கு முன்பே அதன் அருகே போய்த் தங்குவது நல்லது. மலைப்பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.
3. கடுமையான நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, வண்டி கிளம்பும் முன் மேக் சல்ஃபின் முதல் அளவைச் சுகாதார நிலையத்திலேயே போடலாம். வழியில் வளைவுகளுக்கு நடுவே வலிப்பு வராமல் இருக்க அதுதான் காவல். போட்ட மருந்தும் நேரமும் சீட்டில் இருக்கிறதா என்று கூடப் போகிறவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.
4. வண்டியில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

பிள்ளை பிறந்த பிறகும்

பிரசவமானதும் ஆபத்து முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிடுகிறார்கள். பி.பி. உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அந்த நேரத்தில் பெண் டிஸ்சார்ஜ் ஆகித் தாய்வீட்டில் இருப்பாள். அது வேறு ஊர், வேறு செவிலியர். தலைவலி என்றால் 'பச்சை உடம்பு, குளிர் ஏறிடுச்சு' என்று காதில் பஞ்சு வைத்துக் கம்பளி போர்த்திவிடுவார்கள். பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களில் யார் பி.பி. பார்ப்பது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கவேண்டும். நிஃபெடிபின், லாபெடலால், எனலாப்ரில் போடும் தாய் பால் கொடுக்கலாம். பால் கெட்டுவிடும் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

12 வாரத்துக்கு அப்புறமும் பி.பி. இறங்கவில்லையென்றால் அது பழைய பி.பி.யாக இருந்திருக்கலாம், தொடர் சிகிச்சை வேண்டும். இறங்கியவர்களுக்கும் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருஷம் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்கள், பழைய பி.பி., சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு 12 வாரத்திலிருந்து, 16 வாரத்துக்கு முன், மருத்துவர் சொல்லும் சிறு அளவு ஆஸ்பிரின் ஆபத்தைக் குறைக்கிறது. கூடலூர், பந்தலூர் பழங்குடியினரிடம் காணப்படும் சிக்கிள் செல் நோயும் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) இந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால் அதையும் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடவேண்டும். கால்சியம் மாத்திரை அரசுத் திட்டத்தில் 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு தரப்படுகிறது. உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு அது இந்த நோயையும் தடுக்க உதவும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் ஒழுங்காகச் சேராது.

16 வாரம் தாண்டிவிட்டால் ஆஸ்பிரினின் பலன் குறைகிறது. அதனால் அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் செவிலியரிடம் பிக்மி எண்ணுக்கு (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதியப் போகும்போதே, பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.